பேர் கேட்டுவிட்டுப் பாடுகிற ஊர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், மீன் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே கேமராவோடு வந்தவர்களும் நிறையப் பேர் நிற்பார்கள். விசைப்படகுகளின் நிறம், ஐஸ் பெட்டியிலிருந்து கிளம்பும் புகை, ஏலக் கூடையைச் சுற்றி நெருக்கும் தலைகள், எல்லாவற்றுக்கும் பின்னால் கடலிலிருந்து எழும் சூரியன். படம் எடுக்கத் தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே மீன் விற்கிறார். ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தபோது அவருடைய முகம் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். மிக நல்ல படம். காலை வெளிச்சம் மூக்குத்தியில் பட்டுத் தெறிக்கும் அந்த ஒரு கணத்துக்காக எடுத்தவர் எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ. கீழே படம் எடுத்தவருடைய பெயர், எடுத்த வருஷம், கேமராவின் விவரம் எல்லாம் இருந்தன. அக்காவைப் பற்றி இருந்தவை இரண்டே சொற்கள்: மீனவப் பெண். போனில் பிடித்துக்கொண்டு வந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னிக்கி அந்தச் செவப்புப் பொடவதான் கட்டிருந்தேன், நல்லா எட்த்துருக்காரு" என்றார். அப்புறம், "பேரு கேட்ருந்தா சொல்லிருப்பேன் தம்பி. இன்னா, மறைக்கவா போறேன்?"

ஃபேஷன், சினிமா, நடனம், புகைப்படம் என்று நான்கு கலைகளும் இன்று வட சென்னையைத் தேடி வருகின்றன. ராயபுரத்துச் சந்துகளில் மாடல்களை நிற்க வைத்து உடை விளம்பரம் எடுக்கிறார்கள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு படிக்கட்டில் நடன வீடியோ எடுக்கிறார்கள். இதை நான் குறை சொல்லவில்லை. ஊர் அழகாகத்தான் இருக்கிறது, வரட்டும். ஆனால் இந்த ஊரைப் படத்துக்குப் பின்னணியாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே அந்த நான்கு கலைகளுக்கும் சொந்த வீடு இருந்தது என்பதும், கலைஞரை மதிப்பதற்கு இந்த ஊர் ஒரு முறை வைத்திருக்கிறது என்பதும் தெரியாமல் போய்விடுகிறது. அந்த முறையைப் புரிந்துகொள்ள, சாவு வீட்டில் பாடும் மரண கானாவில் தொடங்குவதுதான் சரி.

மரண கானாவின் இலக்கணம்

வழக்கம் உள்ள வீடுகளில் ஒருவர் இறந்தால், இரவு தெருவில் பந்தல் போட்டுக் கானா வைப்பார்கள். டோலக், ஆர்மோனியம், தாளம், சில இடங்களில் தப்பு. பாடகர் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது பேர். இறந்தவர் பேர், வீட்டுக்காரம்மா பேர், பிள்ளைகள் பேர் மூத்ததிலிருந்து வரிசையாக, பேரன் பேத்தி, என்ன வேலை பார்த்தார், எந்தத் தெரு, எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம். வீட்டுப் பையன் ஒருவன் தாளில் எழுதிக் கொடுப்பான். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பாட்டு.

பாட்டின் உடம்பு பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பதுதான். நிலையாமை பற்றிய வரிகள், சித்தர் பாடல்களின் சாயல், காதில் பழகிய சினிமா மெட்டு. புதிதாகச் செய்ய வேண்டியது அந்தப் பெயர்களை உள்ளே கொண்டுவருவது. இது லேசான காரியம் இல்லை. மூன்றெழுத்துப் பெயரும் ஏழெழுத்துப் பெயரும் ஒரே மெட்டில் உட்கார வேண்டும். தாளம் திஸ்ர நடையில் உருண்டுகொண்டே இருக்கும், யோசிக்க நேரம் தராது. மருமகன் பெயருக்கு எதுகை கிடைக்காவிட்டால் அவர் ஓட்டிய மீன்பாடி வண்டியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு வரியில் அழவைத்துவிட்டு அடுத்த வரியிலேயே, இறந்தவர் சீட்டாட்டத்தில் தோற்ற கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். தெருவில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் காது வைத்துக் கேட்பது குரல் இனிமையை மட்டும் அல்ல. பெயர் எப்படி உள்ளே வருகிறது, துருத்திக்கொண்டு நிற்கிறதா, பாட்டோடு கலந்துவிட்டதா என்பதைத்தான். நன்றாக வந்துவிட்டால் "போடு!" என்று ஒரு சத்தம் எழும். ரூபாய் நோட்டு கை மாறும். கொடுத்தவர் பெயரும் மைக்கில் வரும்.

ஆகவே இது பெயர்களால் ஆன கலை. பாடகருக்கும் ஊர் அப்படித்தான் பட்டம் கொடுக்கிறது. கானா உலகநாதன், கானா பாலா என்று கலை பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தின் மூலம் உலகநாதனும், 2012இல் 'அட்டகத்தி' மூலம் பாலாவும் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அவர்கள் புதுமுகம். இங்கே தெருவில் அவர்களுக்கு வருஷக்கணக்காக ரசிகர்கள் இருந்தார்கள்.

இவ்வளவு நுட்பமான கலையைப் பெரிய மேடைகள் ஏன் இவ்வளவு காலம் கண்டுகொள்ளவில்லை? சாதிதான் முதல் காரணம். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாவோடு சேர்ந்த இசையும், அதை வாசிக்கிற கையும் தீட்டு என்று வைக்கப்பட்டன. பறையைக் 'சாவு மேளம்' என்று ஒதுக்கிய வாய்கள்தான், அதே தாளத்தைச் சினிமாவில் 'குத்து' என்ற பெயரில் கேட்டு ஆடின. தாளம் உள்ளே வந்தது, வாசித்தவர் வெளியிலேயே நின்றார்.

இதை நேருக்கு நேர் கேட்ட நிகழ்ச்சி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் மேடை அது. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கானா பாடகர்களும் பறை இசைப்பவர்களும் ராப் பாடுபவர்களும் ஒரே மேடையில் கோட்டு சூட்டோடு நின்றார்கள். அந்த உடையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கானா பாடகர் என்றால் லுங்கி, கழுத்தில் கைக்குட்டை என்று சினிமா பழக்கிவைத்த படம் ஒன்று எல்லார் மனத்திலும் இருந்தது. அந்தச் சூட்டு அதை ஒரே இரவில் கழற்றி வைத்தது. அம்பேத்கரின் நீலச் சூட்டு இந்தத் தெருக்களின் சிலைகளில் என்ன பொருளோடு நிற்கிறதோ, அந்தப் பொருள் மேடைக்கு வந்தது. ஃபேஷன் என்பது ஏதோ பணக்காரர் விவகாரம் என்று நினைப்பவர்கள் அந்த மேடையின் படங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்தக் குழுவில் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். ஆண்களே பாடிவந்த கானாவில் ஒரு பெண் குரல் அவ்வளவு உறுதியாக வந்தது. 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அதே வருஷம் டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்களின் மாதமாகவே இருந்த மார்கழியில் கானாவும் பறையும் ஒப்பாரியும் மேடை ஏறின. 2025இல் மதுரையைச் சேர்ந்த பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் பக்கத்திலும் சிலர் வெடி வெடித்தார்கள். மதுரைக்காரருக்கு இங்கே ஏன் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

தங்கசாலைத் தெருவுக்கு அந்தப் பக்கம்

கலை பெயருக்கு முன்னால் நிற்பதைப் பற்றிச் சொன்னேன். ராயபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஜார்ஜ் டவுனில், அதே மாதிரி ஒரு பெயர் இருந்தது: வீணை தனம்மாள். 1867இல் பிறந்து 1938இல் மறைந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்க அந்தக் காலத்தின் பெரிய வித்துவான்களே வந்து தரையில் உட்காருவார்கள். அங்கே யாரும் சத்தம் போடக் கூடாது. சின்னச் சலசலப்பு கேட்டாலும் வாசிப்பை நிறுத்திவிடுவார் என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீணை தனம்மாள், கானா பாலா. இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வீட்டில் மௌனம்தான் பாராட்டு, இன்னொரு பந்தலில் சத்தம்தான் பாராட்டு. இரண்டிலும் ரசிகருக்குப் பயிற்சி வேண்டும். எங்கே மூச்சைப் பிடிக்க வேண்டும், எங்கே "போடு" சொல்ல வேண்டும் என்று தெரியாதவர் இரண்டு இடத்திலும் அந்நியர்தான்.

தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி. 1918இல் பிறந்தவர். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம், நட்டுவனார் கந்தப்பா பிள்ளை. பதம் என்னும் பாட்டின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, பாடகர் அதைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் வேறொரு மனநிலையில் அபிநயம் பிடிப்பது அவருடைய கலை. சிக்கனமான அசைவு, முகத்தில் ஓடும் ஆயிரம். 1961இல் டோக்கியோவில் ஆடினார், அடுத்த வருஷம் அமெரிக்காவில். 1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1977இல் பத்ம விபூஷண் வந்தது. உலகமே கொண்டாடிய இந்த நடனம் வளர்ந்தது ஜார்ஜ் டவுனின் இசைவேளாளர் வீட்டில். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலை ஒழித்த 1947ஆம் வருஷச் சட்டம் ஒரு கொடுமைக்கு முடிவு கட்டியது. ஆனால் பரம்பரையாக ஆடிவந்த குடும்பங்கள் மேடையை இழந்ததும், வேறு சாதிப் பெண்கள் அதே நடனத்தைப் புதுப் பெயரோடு எடுத்துக்கொண்டதும் அதே காலத்தில்தான் நடந்தன. பரதநாட்டியம் ஆடுகிற பெண்கள் நிறைய இருக்கும் இந்த நகரத்தில், அதன் முக்கியமான வீடுகளில் ஒன்று தங்கசாலைப் பக்கம் இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சினிமாவும் அப்படித்தான். தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது ஜார்ஜ் டவுனின் கினிமா சென்ட்ரலில். பின்னாளில் முருகன் தியேட்டர் என்று பெயர் மாறிய அரங்கம். பம்பாயிலிருந்து வந்த படச்சுருள் பெட்டியைச் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வழியாகத் தேங்காய் உடைத்து, ஊதுவத்தி ஏற்றி, பூ தூவி ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். ஐந்து வருஷம் கழித்து 'மிஸ் கமலா' என்ற படத்தை அவரே இயக்கினார். அதே வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை தியேட்டர் இருந்தது. பெரிய நாடகக் கம்பெனிகள் எல்லாம் அங்கே விடிய விடிய நடத்தியிருக்கின்றன. புகைப்படமும் ரொம்பத் தூரத்தில் இல்லை. 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் கலைப்பள்ளி தொடங்கியது பிராட்வேயில்தான். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் பிறப்பு அது. இந்தியாவில் கேமரா இன்னும் புதிதாக இருந்த காலத்திலேயே அந்தப் பள்ளியில் புகைப்படம் கற்பித்தார்கள்.

பிறகு எல்லாம் மெதுவாகத் தெற்கேயும் மேற்கேயும் போனது. சபாக்கள் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும், ஸ்டூடியோக்கள் கோடம்பாக்கத்துக்கும் வடபழனிக்கும். வடக்கே துறைமுகமும் ஆலைகளும் சரக்குக் குடோன்களும் தங்கின. கலை அடுத்த முறை இங்கே வந்தபோது, லொகேஷன் பார்க்க வந்தது.

துணியில் இருக்கும் ஊர்

ஃபேஷன் உலகத்தில் இந்த ஊருக்கு இருக்கும் பெயரைப் பார்த்தால் பெருமையாகவும் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும். கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு உலகம் முழுக்க 'மெட்ராஸ்' என்றுதான் பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் சடங்குகளில் உடுத்துகிறார்கள், அவர்கள் அதை இன்ஜிரி என்கிறார்கள். கரீபியத் தீவான மார்ட்டினிக்கில் பெண்களின் தலைக்கட்டுத் துணி அது. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கட்டத் துணிதான் 'பாளையக்காட்டு லுங்கி' என்ற பெயரைத் தந்தது. திருவொற்றியூரில் காலடிப்பேட்டை என்று ஒரு இடம் இருக்கிறதே, அது காலடியிலிருந்து வந்த பெயர் இல்லை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட் பேட்டை. வண்ணாரப்பேட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த பேட்டை. வெளுக்காத துணியைச் சாயம் பிடிக்காது. அந்தக் கைகள் இல்லாமல் எந்த மெட்ராஸ் துணியும் இல்லை.

1958இல் இந்தத் துணி அமெரிக்காவில் பெரிய ஃபேஷனான கதை எனக்குப் பிடித்தமானது. இயற்கைச் சாயம் என்பதால் தண்ணீரில் நிறம் கசியும். இதைச் சொல்லாமல் விற்றுவிட்டார்கள். துவைத்ததும் நிறங்கள் ஒன்றோடு ஒன்று ஓடி, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு அந்தக் கசிவையே சிறப்பாக்கி, நிறம் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு துவைப்புக்கும் ஒரு புதுச் சட்டை என்பது போல. துணி அப்படியே புகழடைந்தது. நெய்தவர் ஒருவரின் பெயர்கூட எந்த விளம்பரத்திலும் வரவில்லை. ஊர்ப் பெயர் இருந்தது, ஆள் பெயர் இல்லை. அக்காவின் படத்துக்குக் கீழே 'வட சென்னை மீனவப் பெண்' என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான்.

பெரம்பூர்ப் பக்கம் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு ஆலைகள். ஊர் வாயில் எல்லாம் பின்னி மில். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் காக்கி நெய்த இடம். 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த ஆலைத் தொழிலாளர்களால்தான் உயிர் பெற்றது. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டு, துப்பாக்கிச் சூடுவரை போனது. 1996இல் மில் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் காலிக் கட்டடங்களில் சினிமாக்காரர்கள் செட் போட்டார்கள். தறி ஓடிய இடத்தில் சண்டைக் காட்சி, பாட்டுக் காட்சி. தமிழ்ப் படம் பார்க்கிறவர்கள் எல்லாரும் பின்னி மில்லைப் பலமுறை பார்த்திருப்பார்கள், அது என்ன இடம் என்று தெரியாமலே. உடைந்த ஜன்னலும் உயரமான கூரையும் ஒளிப்பதிவாளருக்கு நல்ல வெளிச்சம் தந்தன. அந்த ஜன்னல்கள் அப்படி உயரமாக இருந்ததே, உள்ளே நூல் பார்த்து வேலை செய்யத்தான்.

என் பெரியப்பா வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் டெய்லர். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் வீட்டுக்கே வரமாட்டார், கடையிலேயே படுத்துக்கொள்வார். அவர் தைத்த ஒவ்வொரு சட்டையின் காலருக்கு உள்ளேயும் கடைப் பெயர் போட்ட ஒரு சின்ன லேபிள் இருக்கும். அதைத் தைப்பதுதான் கடைசி வேலை. சிறுவயதில் அது எனக்குப் புரியவில்லை. யாருக்கும் தெரியாத இடத்தில் எதற்குப் பெயர் என்று கேட்டிருக்கிறேன். "போட்டுக்கறவனுக்குத் தெரியும்ல" என்றார். ரெடிமேடு வந்த பிறகு காலரில் கம்பெனிப் பெயர் வந்தது. தைத்தவர் காலருக்கு வெளியே போய்விட்டார்.

டைட்டில் ஓடும் நேரம்

'மெட்ராஸ்' (2014), 'வட சென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) போன்ற படங்களுக்குப் பிறகு இந்த ஊரைப் பார்க்கும் கண் மாறியிருக்கிறது. ரவுடிகளின் ஊர் என்ற பழைய வழக்கிலிருந்து வெளியே வந்து, இங்கே வீடு, காதல், கால்பந்து, குத்துச்சண்டைப் பரம்பரை, அரசியல் எல்லாம் உண்டு என்று அவை காட்டின. நடிகர்களையும் இயக்குநர்களையும் எல்லாரும் பாராட்டினார்கள். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த படி.

'சார்பட்டா'வை எடுத்துக்கொள்வோம். 1970களின் ராயபுரம் அதில் உயிரோடு இருப்பதற்குப் பல கைகள் காரணம். கலை இயக்கம் த. ராமலிங்கம், ஒளிப்பதிவு முரளி, உடை வடிவமைப்பு ஏகன் ஏகாம்பரம், சண்டை அன்பறிவ். பெரிய காலர், பெல்பாட்டம் போட்டுவிட்டால் அந்தக் காலம் வந்துவிடாது. துணி புதிதாகத் தெரிந்தால் காட்சி பொய்யாகிவிடும். அதற்காகக் காஸ்ட்யூமர்கள் துணியைப் பலமுறை துவைப்பார்கள், டீ டிகாஷனில் முக்குவார்கள், முழங்கையிலும் காலரிலும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்கள். உடை வடிவமைப்பாளர் வரைந்து கொடுப்பதைப் படப்பிடிப்பில் தினமும் காப்பாற்றுவது இந்தக் காஸ்ட்யூமர்தான். நேற்று எடுத்த காட்சியின் மீதி இன்று என்றால், பொத்தான் எத்தனை திறந்திருந்தது என்பது அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

அந்தப் படத்தில் டான்சிங் ரோஸாக வந்த ஷபீர் கல்லரக்கல் நாடக மேடையில் தேர்ந்தவர். அவர் வளையத்துக்குள் வந்ததும் எல்லாரும் முகத்தைத்தான் பார்த்தார்கள். இன்னொரு முறை பார்க்கும்போது காலை மட்டும் பாருங்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது, எப்போது மாறுகிறது, எதிராளி தாளத்தைப் பிடித்துவிட்டான் என்று தெரிந்ததும் எப்படி உடைக்கிறார். குத்துச்சண்டைக்குள் ஒரு முழு நடனம் ஓடுகிறது.

நடனம் என்றதும் குரூப் டான்சர்களைச் சொல்லாமல் போக முடியாது. பாட்டுக் காட்சியில் ஹீரோவுக்குப் பின்னால் ஆடும் நாற்பது பேர். மாஸ்டர் ஒரு பிட்டைச் சொல்லிக்கொடுத்த சில நிமிஷத்தில் உடம்பில் ஏற்றி, வெயிலோ மழையோ, டேக் எத்தனை போனாலும் முதல் டேக்கின் வேகத்தோடே ஆட வேண்டும். ஹீரோ தவறினால் எல்லாரும் மறுபடி. இவர்களில் ஒருவர் தவறினால் திட்டு. அடுத்த முறை ஒரு குத்துப்பாட்டைப் பார்க்கும்போது, இரண்டாவது வரிசையில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை தொடர்ந்து பாருங்கள். பாட்டே வேறு மாதிரி தெரியும். எனக்கு அப்படித்தான் ஆனது. பத்து வருஷமாகக் கேட்ட ஒரு பாட்டில், மூலையில் ஒரு பையன் கடைசி அடியைக் கொஞ்சம் தாமதமாக, வேண்டுமென்றே, அழகாக வைக்கிறான். இப்போது அந்தப் பாட்டு வந்தாலே அந்த அடிக்காகக் காத்திருக்கிறேன்.

எதைக் கலை என்று எண்ணுவது என்பது காலத்துக்குக் காலம் மாறுகிற கணக்கு. ஆஸ்கரில் நடன இயக்கத்துக்கு விருது 1935 முதல் மூன்று வருஷத்துப் படங்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். இன்றுவரை திரும்பி வரவில்லை. சண்டை வடிவமைப்புக்கு 2027இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் விருது. இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்ததே ஒரு உடை வடிவமைப்பாளர், பானு அதையா, 'காந்தி' படத்துக்காக 1983இல். கதாநாயகனோ இயக்குநரோ இல்லை, துணியைக் கையாண்ட ஒருவர்.

டைட்டில் ஓடும்போது எழுந்து போய்விடுவது நம் எல்லாருக்கும் பழக்கம். தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் படம் பார்த்த காலத்தில் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவார்கள், உட்கார்ந்திருந்தாலும் படிக்க முடியாது. 2020இல் அந்தத் தியேட்டரும் மூடிவிட்டது. இப்போது வீட்டில் பார்க்கிறோம். அடுத்த படம் தானாக ஓடத் தொடங்குவதற்குள் பெயர்களை நிறுத்திப் படிக்க முடிகிறது. நான் படிக்கிறேன். காஸ்ட்யூமர் யார், செட் அசிஸ்டன்ட் யார், எங்கள் பக்கத்துப் பெயர் ஏதாவது தென்படுகிறதா என்று.

கேமராவை யார் கையில் கொடுப்பது

புகைப்படத்தில் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. 2016இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படத் திருவிழா படங்களை ரயில் நிலையத்திலும் பூங்காவிலும் மாட்டியது. டிக்கெட் எடுக்க வந்தவரும் நின்று பார்த்தார். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது எம். பழனிக்குமாரின் வேலை. மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையையும் வருஷக்கணக்காக எடுத்துவருபவர். கிராமப்புற இந்தியாவை ஆவணப்படுத்தும் 'பாரி' (PARI) இணைய இதழ், புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரில் தரும் ஆவணப் புகைப்பட விருதை 2022இல் பெற்றவர். அவர் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் இருக்கும், உறவு இருக்கும், படம் எடுத்த பிறகும் அவர் அந்த வீடுகளுக்குப் போய்க்கொண்டிருப்பார். அதோடு நிற்காமல், உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுக்கொடுக்கிறார், வட சென்னைப் பிள்ளைகளுக்கும். அம்மா வேலைக்குக் கிளம்புவதை மகள் எடுத்தால் அந்தப் படத்தின் உயரம் வேறு, தூரம் வேறு. அம்மா கேமராவுக்காக நிற்கவில்லை, மகளைப் பார்க்கிறார்.

இந்த ஊரின் சொந்தப் புகைப்பட மரபையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன். தெருமுனை ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுப்பவர், மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ் வடிவமைப்பவர், இரவோடு இரவாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக் கொடுப்பவர். கண்காட்சிக்காரர்கள் இவர்களைக் கலைஞர் என்று எண்ணுவதில்லை. ஆனால் அந்த அஞ்சலி போஸ்டரை ஒருமுறை நின்று பாருங்கள். கல்யாணக் கூட்டத்தில் எடுத்த மங்கலான ஒரு படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, வெளிச்சம் கூட்டி, ஒரு மனிதர் கடைசியாக எப்படித் தெரிய வேண்டுமோ அப்படிக் கொண்டுவந்திருப்பார்கள். கீழே மகன், மகள், மருமகன், பேரன் பேத்தி என்று ஒரு பெயர் விடுபடாமல் இருக்கும். விடுபட்டால் சண்டை வந்துவிடும்.

இந்தக் கட்டுரையில் அக்காவின் பெயரை எழுதட்டுமா என்று போய்க் கேட்டேன். யோசித்துவிட்டு, "இதுல வேணாம் தம்பி, அந்தப் படத்துக்குக் கீழ எழுதச் சொல்லு" என்றார். கண்காட்சி நடத்தியவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.

பெரியப்பா இறந்தது நான்கு வருஷத்துக்கு முன்னால். அன்றிரவு கானா வைத்தோம். பாடகர் வந்து உட்கார்ந்து பெயர்களைக் கேட்டார். அண்ணன் எழுதிக் கொடுத்தான். கடை பேர் என்ன என்று கேட்டார். கடையை விட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. எல்லாரும் 'டெய்லர் கடை' என்றே சொல்லிப் பழகியதால் முழுப் பெயர் யாருக்கும் சட்டென்று வரவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பெரியம்மா எழுந்து உள்ளே போய் பீரோவைத் திறந்தார். ஒரு பழைய நீலச் சட்டையை எடுத்துவந்து, காலரை மடக்கி, டியூப்லைட் வெளிச்சத்தில் பாடகரிடம் நீட்டினார். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய் இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் டோலக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.